பனை, தென்னை, பலா: மூன்றும் ஒரே குக்கிக்குள்! தெரியுமா?

நெய்யாற்றின்கரை. இந்த ஊரின் பேரிலேயே நெய் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அந்த ஊர்க் கிருஷ்ணசுவாமி கோயிலில் கண்ணன் கையில் என்ன வைத்திருக்கிறான் தெரியுமா? வெண்ணெய்! அங்கே பேர்பெற்ற வழிபாடே திருக்கை வெண்ணெய்தான். ஊரின் பேரில் நெய், சாமியின் கையில் வெண்ணெய். மெத்தென்று, கடித்தால் இழுபடுகிற, உள்ளே பூரணம் வைத்த குக்கியை வீட்டில் சுட நெய் நல்லதா, வெண்ணெய் நல்லதா என்று யாராவது கேட்டால் அந்தக் கண்ணனின் கையைக் காட்டிவிடலாம். வெண்ணெய்தான்!

ஏன் என்று தெரியுமா? கடையில் வாங்கும் 100 கிராம் வெண்ணெயில் ஏறத்தாழ 16 கிராம் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. உருக்கி நெய்யாக்கும்போது சடசடவென்று சத்தம் வருகிறதே, அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும் சத்தம்தான் அது. கோதுமை மாவில் இருக்கும் புரதம் தண்ணீரைக் கண்டால்தான் ஒன்றோடொன்று பின்னி குளூட்டன் என்ற வலையாகும். பரோட்டா மாவு ரப்பர் மாதிரி இழுபடுவது அந்த வலையால். நெய்யில் தண்ணீர் இல்லை, ஆகவே வலையும் இல்லை. நெய்யில் செய்த நான்கட்டாய் வாயில் போட்டதும் பொடிப்பொடியாக உதிர்வதன் காரணம் இதுதான். உதிர வேண்டுமென்றால் நெய், இழுபட வேண்டுமென்றால் வெண்ணெய்!

பிஸ்கட் என்ற சொல் லத்தீனில் ‘இருமுறை வெந்தது’ என்ற பொருளில் பிறந்தது. ஈரம் போகட்டும் என்று இரண்டாம் முறையும் வேகவைத்த பண்டம் அது. குக்கி என்பது டச்சு மொழியின் ‘குட்டிக் கேக்’. ஒன்று ஈரத்தை விரட்டிய பண்டம், மற்றது ஈரத்தைப் பிடித்துவைத்த பண்டம். மெத்தென்ற குக்கி சுடும் வித்தை முழுவதும் அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும் வித்தைதான். இதில் கைதேர்ந்த பொருள்கள் எங்கே கிடைக்கின்றன தெரியுமா? பாறசாலை, இஞ்சிவிளை, செங்கல், காரோடு, களியக்காவிளை என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையின் இரண்டு பக்கத்திலும் சாதாரணப் பலசரக்குக் கடையிலேயே தொங்கிக்கொண்டிருக்கின்றன!

கருப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்துவிட்டால் அலமாரியில் இருக்கும் கருப்பட்டி வியர்த்து, அடியில் பிசுபிசுவென்று கசிந்து நிற்கும், பார்த்திருக்கிறீர்களா? ‘கெட்டுப்போச்சு’ என்று சிலர் தூக்கி எறிவார்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை அது குடித்திருக்கிறது, அவ்வளவுதான்! வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் சுக்ரோஸ். சுத்திகரிக்காத கருப்பட்டியில் அதோடு கொஞ்சம் குளுக்கோஸும் பிரக்டோஸும் கலந்திருக்கின்றன. இதில் பிரக்டோஸ் தண்ணீரைக் கண்டால் விடாது. மேல்நாட்டுச் சமையல் குறிப்புகளில் ‘குக்கி மென்மையாக வரப் பழுப்புச் சர்க்கரை போடுங்கள்’ என்று சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். அந்தப் பழுப்புச் சர்க்கரையை நாம் தேடி அலையவே வேண்டாம். நம் பனை அதைவிட மணமாகக் கொடுக்கிறது.

கருப்பட்டி ஆகிற பனஞ்சாறு கள்ளாகப் புளிக்காமல் இனிப்பாகவே இறங்குவது எப்படித் தெரியுமா? கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைப்பதால்! இந்தப் பக்கத்தில் அக்கானி என்றும் பயினி என்றும் சொல்கிற பதநீர் அதுதான். அதைக் காய்ச்சிக் காய்ச்சிப் பதம் வந்ததும் எதில் ஊற்றுகிறார்கள்? தேங்காய்ச் சிரட்டையில்! கருப்பட்டி அரை உருண்டையாக இருப்பது அதனால்தான். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை, கேரளத்தின் மாநில மரம் தென்னை. பனையின் இனிப்பு தென்னையின் ஓட்டில் உறைகிறது. இதை முதலில் யோசித்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

இன்னொன்று கேளுங்கள். கேரளத்தின் மாநிலப் பழம் எது? பலா. 2018 மார்ச் 21 அன்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பழம் எது? அதுவும் பலாதான்! 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, ஒட்டியிருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்த இரண்டு பக்கத்துக்கும் பழம் ஒன்றே. அதே நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில்தான் அம்மச்சிப் பிலாவு நிற்கிறது. எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அந்தப் பலாமரத்தின் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஆங்கிலத்தில் பலாவுக்கு வழங்கும் ‘ஜாக்’ என்ற சொல்கூட நம் ‘சக்கை’தான் தெரியுமா? மலையாளத்துச் சக்கை போர்த்துகீசியர் வாயில் ‘ஜாக்கா’ ஆகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது!

சரி, உள்ளே பூரணம் வைப்பது? அதிலும் இந்த மண்ணுக்குச் சொந்தமாக ஓர் அதிசயம் இருக்கிறது. முந்திரிக்கொத்து! முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பே கிடையாது தெரியுமா? வெளியூர் ஆட்கள் ஒவ்வொருவரும் கடித்துப் பார்த்துவிட்டு ‘முந்திரி எங்கே?’ என்று தேடுவார்கள். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. தமிழிலும் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று ஒரு பேர் உண்டே! மும்மூன்று உருண்டைகளாகச் சேர்த்து மாவில் தோய்த்து எண்ணெயில் போடும்போது ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து போல வரும். அதனால் வந்த பேர். நம் பழைய கணக்கு வாய்பாட்டில் முந்திரி என்றால் ஒன்றில் 320இல் ஒரு பங்கு! ஒரே சொல்லில் ஒரு பழம், ஒரு பருப்பு, ஒரு பின்னம்.

எங்கள் பெரியம்மா முந்திரிக்கொத்து செய்யும் நாளில் சிறுபயறு வறுபடும் வாசம் தெருமுனை வரை வரும். பயறு சிவந்து, தோல் வெடித்து வரும்வரை வறுத்து, ஒன்றிரண்டாகத் திரித்து, புடைத்து வைத்திருப்பார். தேங்காய்த் துருவலை எண்ணெய் விடாமல் இரும்புச் சட்டியில் பொன்னிறமாகப் புரட்டுவார். எள், ஏலம், சுக்கு. கருப்பட்டிப் பாகை வடிகட்டிக் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டால் அடுப்பை அணைப்பார். சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும் என்பதால் உள்ளங்கை சிவந்துபோகும். ஊதி ஊதிப் பிடிப்பார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: “மக்களே, வெளியே தோலு நொறுங்கணும், உள்ளே பல்லுல இழுக்கணும். அதாக்கும் கொத்து.”

உலகத்தில் உள்ளே பூரணம் வைத்த குக்கிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை!

அந்த உருண்டை வாரக்கணக்கில் கெடாது. ஃபிரிட்ஜ் இல்லை, ரசாயனம் இல்லை, எப்படி? வறுத்ததில் ஈரம் போயிற்று. மிச்சமிருந்த ஈரத்தைப் பாகு கட்டிப்போட்டுவிட்டது. கிருமி குடிக்க அங்கே தண்ணீர் இல்லை. குக்கிக்குள் வைக்கும் பூரணத்துக்கும் இதுவே சட்டம். இதை நான் பாடுபட்டுத் தெரிந்துகொண்டேன். முதல்முறை குக்கிக்குள் கொழுக்கட்டைப் பூரணத்தை அப்படியே வைத்தேன்; பச்சைத் தேங்காயும் வெல்லமும், ஈரம் சொட்டச் சொட்ட. பத்தாவது நிமிடம் ஒவ்வொன்றாக வெடித்துப் பாகு தட்டெல்லாம் ஓடிக் கருகியது. தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும் தெரியுமா? ஒரு துளி ஈரம் போதும், குக்கியின் வயிற்றைக் கிழிக்க! கொழுக்கட்டை தப்பித்துக்கொள்கிறது, அது ஆவியில் வேகிறது, சூடு 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. அதனால்தான் கொழுக்கட்டை கடைசிவரை வெள்ளையாகவும் இருக்கிறது. பண்டம் சிவக்கும் வேலை 140 டிகிரி வாக்கில்தான் சூடுபிடிக்கும். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிறமும் மணமுமாக மாறும் அந்த வினைக்கு மேயார் வினை என்று பேர். 1912இல் அதை முதலில் எழுதிவைத்த பிரெஞ்சு வேதியியலாளர் மேயாரின் பேர் அது.

அப்படியானால் குக்கிக்கு எது உத்தமமான பூரணம்? சக்கை வரட்டி! வருக்கைச் சக்கைச் சுளையை வேகவைத்து மசித்து, உருளியில் வெல்லமும் நெய்யும் விட்டுக் கைவிடாமல் கிளறுவார்கள். ஓரம் விட்டு, கரண்டியோடு மொத்தமாகச் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும். ஒரு சீசனில் கிளறி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தண்ணீர் வற்றியிருப்பதால் ஓவனில் கொதித்து ஓடாது. ஆனாலும் கடித்தால் அல்வா மாதிரி இழுபடும். ஜாம் ஓடும், சாக்லேட் இறுகும், வரட்டி எப்போதும் வரட்டியாகவே இருக்கும்.

உள்ளே எதையாவது வைத்துச் சுடும் ஆசை உலகம் முழுக்க உண்டு. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் பேரீச்சம்பழம் வைத்த மாமூல், அரபு வீடுகளில் பெருநாளுக்கும் ஈஸ்டருக்கும் மர அச்சில் தட்டிச் சுடுகிற பூரண பிஸ்கட். அமெரிக்காவில் 1891இல் ஜேம்ஸ் ஹென்றி மிட்செல் ஒரு புனலுக்குள் இன்னொரு புனலை வைத்து, வெளிப் புனலில் மாவும் உள் புனலில் அத்திப்பழ ஜாமும் ஒன்றாக வரும்படி இயந்திரமே செய்தார். சாக்லேட் துண்டு போட்ட குக்கியை மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் தம் சமையல் புத்தகத்தில் 1938இல் சேர்த்தார். நம் கேரளத்திலேயே தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1883இல் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட கதை பெரிய கதை. மர்டாக் பிரவுன் என்ற தோட்டத்துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி ‘இதைப் போல வேண்டும்’ என்றாராம். பாப்பு உள்ளூர்ச் சாராயத்தையும் உள்ளூர்ப் பழத்தையும் சேர்த்துச் சுட்டுக் கொடுத்து அசத்தினார். கையில் இருக்கும் பொருளை நம்பியவர் பாப்பு. எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

மரச்சீனியை மறந்துவிட்டேனே! கப்பைக்கிழங்கு, மரவள்ளி, மரச்சீனி, எல்லாம் ஒன்றுதான். பிரேசில் பக்கத்திலிருந்து வந்த இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இதை ஆராய்கிறது. இந்தக் கிழங்கின் ஸ்டார்ச் வெந்தால் கண்ணாடி மாதிரி ஆகி ரப்பர் போல இழுபடும். பாயசத்து ஜவ்வரிசியைக் கடித்துப் பாருங்கள், புரியும். ஏனென்றால் ஜவ்வரிசியே மரச்சீனி ஸ்டார்ச்தான்! மைதாவில் இரண்டு மேசைக்கரண்டி இந்த ஸ்டார்ச் சேர்த்தால் குக்கிக்கு ஓர் இழுவை கிடைக்கிறது பாருங்கள், பேக்கரிக்காரர்களே கேட்பார்கள். ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியை மிக்சியில் நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

இனிச் சுடலாம். 12 குக்கிக்கு அளவு சொல்கிறேன்.

முதலில் பூரணம். 150 கிராம் சக்கை வரட்டியோடு பொன்னிறமாக வறுத்த தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி பிசைந்து 12 உருண்டை பிடியுங்கள். தட்டில் அடுக்கி ஃபிரீசரில் ஒரு மணி நேரம். இது மிக முக்கியம்! உள்ளே உருண்டை உறைந்திருந்தால் வெளி மாவு வேகும்வரை அது இளகாது, கிழித்துக்கொண்டு வராது. பலா சீசன் இல்லையா? முந்திரிக்கொத்து உருண்டையை மாவில் தோய்ப்பதற்கு முன்பு எடுத்து அப்படியே வையுங்கள். பயறு மணத்தோடு குக்கி! ஆற்றுகால் பொங்கலில் தலைநோவு தீர வேண்டிப் படைக்கும் மண்டப்புட்டும் இதே வறுத்த பயறும் வெல்லமும் சேர்ந்ததுதான். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடி கின்னஸில் ஏறிய பொங்கல் அது, தெரியுமா?

மாவுக்கு 115 கிராம் வெண்ணெயை உருக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள். 130 கிராம் துருவிச் சலித்த கருப்பட்டியும் 50 கிராம் சர்க்கரையும் போட்டு இரண்டு நிமிடம் அடியுங்கள். ஒரு முழு முட்டை, கூடவே இன்னொரு முட்டையின் மஞ்சள் கரு மட்டும். மஞ்சள் கருவில் கொழுப்பு இருக்கிறது, மென்மை தரும். வெள்ளைக்கரு அதிகமானால் குக்கி உலர்ந்து கேக் மாதிரி உப்பும். பிறகு 200 கிராம் மைதா, 20 கிராம் மரச்சீனி ஸ்டார்ச், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சோடா உப்பு, அரை டீஸ்பூன் உப்பு. மாவு கண்ணுக்குத் தெரியாமல் கலந்ததும் நிறுத்துங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்தால் வலை இறுகிக் குக்கி தோலாகிவிடும். மூடி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம்.

குளிர்ந்த மாவில் 48 கிராம் எடுத்து உள்ளங்கையில் கிண்ணம் போலக் குழித்து, உறைந்த உருண்டையை வைத்து மூடுங்கள். கொழுக்கட்டை பிடித்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? மூடிய வாய் அடிப்பக்கம் இருக்கட்டும். 175 டிகிரியில் முன்பே சூடேற்றிய ஓவனில் 12 முதல் 14 நிமிடம்.

ஓவன் இல்லாத வீட்டிலும் முடியும்! கனத்த பழைய அலுமினியப் பாத்திரத்தில் அரை அங்குலக் கனத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு முக்காலி வைத்து, இறுக்கமான மூடி போட்டுச் சிறுதீயில் 15 நிமிடம் சூடாக்கிவிட்டுத் தட்டை இறக்குங்கள். இரண்டிரண்டாகத்தான் வேகும், நேரமும் கூடும். மேலே அவ்வளவாகச் சிவக்காது, ஆனால் அடிப்பக்கம் அருமையாகச் சிவந்து வரும். ஓவனே இல்லாமல் ‘கேக்’ சுட்டு நாட்டுக்கே விற்றவர்கள் இந்தப் பக்கத்துச் சாயாக்கடைக்காரர்கள். கண்ணாடிப் பெட்டியில் பூவாய் வெடித்து நிற்கும் வெட்டுக்கேக் எண்ணெயில் பொரித்தது தெரியுமல்லவா!

ஓவன் கண்ணாடி வழியே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், சினிமா தோற்கும். முதல் மூன்று நான்கு நிமிடம் ஒன்றுமே நடக்காது. பிறகு வெண்ணெய் இளகி, உருண்டையின் விளிம்பு மெல்லச் சாயும். எண்ணெய் பூத்த மாதிரி பளபளக்கும். அப்புறம் வயிறு மெதுவாக உப்பும். முதலில் சோடாவின் காற்று, பிறகு நீராவி. முட்டை இறுகி, ஓரம் நிற்கும். பளபளப்பு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மங்கிக்கொண்டே வரும். அந்த மங்கல் நடுவைத் தொடுவதற்குச் சற்று முன்பு, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இன்னும் ஈரமாகத் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். பச்சையாக இருக்கிறதே என்று கை தயங்கும். தயங்காதீர்கள்! தட்டின் சூட்டில் வெளியே வந்தும் ஐந்து நிமிடம் அது வெந்துகொண்டேதான் இருக்கும். ஓவனுக்குள்ளேயே நடுவும் வெந்துவிட்டால் ஆறியபின் கையில் இருப்பது பிஸ்கட்.

தட்டிலேயே பத்து நிமிடம் விடுங்கள். சூட்டில் எடுத்தால் உடையும், ஏனென்றால் கருப்பட்டிப் பாகு இன்னும் இளகித்தான் இருக்கும். ஆற ஆற அது இறுகி ஓரத்துக்கு ஒரு முறுக்கு கொடுக்கும், நடுவுக்கு இழுவை கொடுக்கும். ஒன்றை மட்டும் பிட்டுப் பாருங்கள். வெளியே பனையின் பழுப்பு, உள்ளே பலாவின் செம்பொன், நடுநடுவே தேங்காயின் பொரிந்த துகள்.

மிச்சத்தை டப்பாவில் மூடி வையுங்கள். மறுநாள் எப்படி இருக்கும் தெரியுமா? முதல் நாளைவிட மெத்தென்று! வரட்டியின் ஈரம் கொஞ்சம் மாவுக்கும், நடுவின் ஈரம் கொஞ்சம் ஓரத்துக்கும் என்று இராத்திரி முழுக்க உள்ளே கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கும். காலையில் பாறசாலையில் ரயில் ஏறும்போது அந்த டப்பாவைத்தான் நான் கையோடு எடுத்துக்கொள்வேன். நாகர்கோவில் சேரும்போது டப்பாவில் பொடி மட்டும்தான் இருக்கும்.